உரமூட்டை மீது ஒரு பொய்வழக்கு

தமிழ்நாட்டில் வேளாண்மை பற்றி யார் பேச எழுந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: ரசாயன உரம் நஞ்சு. பசுமை அங்காடி திறப்பவர், மாடித்தோட்ட வகுப்பு எடுப்பவர், சனி ஞாயிறுகளில் மட்டும் வயலுக்குப் போகும் பொறியாளர், சினிமாவில் விவசாயி வேடம் கட்டும் நாயகன் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. சாட்சி விசாரணை இல்லாமல் எழுதப்பட்ட இந்தத் தீர்ப்பு தவறானது. "கொஞ்சம் மிகைதான், ஆனால் நோக்கம் நல்லது" என்று விட்டுவிடக்கூடிய தவறும் இல்லை. அதன் செலவு விவசாயியின் தலையில் விழுகிறது.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு வைப்போம். அவர்கள் சொல்வது இதுதான். பயிருக்கு வேண்டியதில் பெரும்பங்கு காற்றிலும் நீரிலும் வெயிலிலும் இருக்கிறது. மிச்சம் மண்ணிலேயே கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதை எடுத்துக் கொடுக்கும். யூரியாவும் டி.ஏ.பி.யும் உப்புகள், அவை நுண்ணுயிரையும் மண்புழுவையும் கொன்று மண்ணை மலடாக்குகின்றன, வருடத்துக்கு வருடம் அளவைக் கூட்டினால்தான் விளையும் என்ற நிலை வருகிறது. அந்த விளைச்சலைத் தின்கிற நமக்கு நோய் வருகிறது. நம் முன்னோர் மூட்டை உரமே இல்லாமல் ஆயிரக்கணக்கான ஆண்டு விவசாயம் செய்தார்கள். லாபம் கம்பெனிக்கு, கடன் விவசாயிக்கு.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நம் மண்ணில் அங்ககக் கார்பன் குறைந்திருப்பது உண்மை. பல வட்டாரங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது உண்மை. யூரியாவை அள்ளி இறைக்கிற பழக்கம் இருப்பதும் உண்மை. இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து எழுப்பிய கேள்விகளில் பலவற்றுக்கு அரசு இன்றுவரை நேர்மையாகப் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை. இந்த உண்மைகளிலிருந்து "ஆகவே உரம் நஞ்சு" என்று தாவுகிற இடத்தில்தான் வாதம் உடைகிறது.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

தீர்ப்பு எழுதியவர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் பிரிப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கிலோக் கணக்கில் 20.7. மிச்சம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல் சத்து. சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து, கூடவே கந்தகமும் கால்சியமும். இவை மூட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்கள். ரகசியம் ஒன்றும் இல்லை.

இவை பயிருக்குள் என்ன செய்கின்றன? இலையைப் பச்சையாக்கும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். புரதம் முழுவதும் நைட்ரஜனைக் கொண்டு கட்டியது. அது பற்றாதபோது பயிர் தன் அடி இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் தழைச்சத்துக் குறை எப்போதும் கீழிருந்து மஞ்சளாக ஏறும். மணிச்சத்தில் உள்ள பாஸ்பரஸ், வெயிலில் பிடித்த சக்தியைச் செல்லுக்குள் கைமாற்றுகிறது; அது குறைந்த நெல் வேர் விடாது, தூர் கட்டாது. சாம்பல் சத்து இலைத்துளைகளைத் திறந்து மூடுகிறது, இலையில் தயாரான சர்க்கரையைக் கதிருக்கு நகர்த்துகிறது. அது குறைந்தால் அடி இலையின் ஓரம் கருகும், தண்டு நோஞ்சானாகிக் காற்றுக்குச் சாயும்.

நிலக்கடலையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். விதைத்து 40, 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். ஏன் அந்த நேரம்? கால்சியம் இலையிலிருந்து கீழிறங்கிக் காய்க்குப் போகாது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்ச வேண்டும். அங்கே அது இல்லாவிட்டால் மேலே செடி செழித்து நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் காய் பொக்கு. எந்தச் சத்து, எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் என்பதுதான் உரமிடும் கலை. இதில் நஞ்சு எங்கே வருகிறது?

இனி மறுப்புகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

1. கொல்வதற்குச் செய்ததையும் ஊட்டுவதற்குச் செய்ததையும் ஒரே கூண்டில் ஏற்றுகிறார்கள்.

காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் செய்த கொடுமையை யாரும் மறக்க முடியாது. 2011ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தடை விதித்தது. ஆனால் அது பூச்சிக்கொல்லி. உயிரைக் கொல்வதுதான் அதன் வேலை. சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: பூச்சிக்கொல்லிக்கு 1968ன் சட்டம், உரத்துக்கு 1985ன் கட்டுப்பாட்டு ஆணை. மேடையில் மட்டும் "உரம் மருந்து" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பூச்சிக்கொல்லியின் பாவத்தை உரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

வயலில் விழுந்த யூரியாவை மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி சில நாட்களில் அம்மோனியமாக உடைத்துவிடுகிறது. வேர் அதை உறிஞ்சி அமினோ அமிலமாக்குகிறது, புரதமாக்குகிறது. தட்டில் விழும் சோற்றில் இருப்பது அந்தப் புரதம். கீரை வகைகளில் அளவுக்கு மீறி உரமிட்டால் இலையில் நைட்ரேட் தங்கும் என்பது நிஜம்தான். அளவுக்கு மீறிக் கோழி எருவைக் கொட்டினாலும் அதே நைட்ரேட் தங்கும். பிழை அளவில்.

2. வேர் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை.

தழைச்சத்தை வேர் முக்கியமாக இரண்டே வடிவில் எடுக்கிறது: அம்மோனியம், நைட்ரேட். தொழுவுரமாக இருந்தாலும், மக்கிய தக்கைப்பூண்டாக இருந்தாலும், வேப்பம் பிண்ணாக்காக இருந்தாலும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து இந்த இரண்டில் ஒன்றாக்கிய பிறகுதான் பயிர் அதில் பெரும்பகுதியை எடுக்க முடியும். தொழிற்சாலையிலிருந்து வந்த அம்மோனியத்துக்கும் தொழுவத்திலிருந்து வந்த அம்மோனியத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேரிடம் எந்த வழியும் இல்லை.

யூரியா என்ற பொருளை உடம்புதான் செய்ய முடியும் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் நம்பினார்கள். 1828ல் ஃப்ரெடரிக் வோலர் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து அந்த நம்பிக்கையை உடைத்தார். பசுவின் கோமியத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாதான். அதே மூலக்கூறு, அதே அணுக்கள், அதே அமைப்பு. பஞ்சகவ்யத்தில் ஊற்றினால் அமிர்தம், மூட்டையில் வந்தால் நஞ்சு என்றால், நஞ்சு மூலக்கூறில் இருக்கிறதா, சாக்கில் இருக்கிறதா?

"கோமியம் நீர்த்தது, யூரியா செறிவானது, எருவில் கார்பனும் இருக்கிறது, மூட்டையில் இல்லை" என்று அவர்கள் பதில் சொல்லலாம். நல்ல பதில். செறிவு, வேகம், கார்பன் மூன்றும் நிஜமான வேறுபாடுகள். ஆனால் இந்தப் பதிலைச் சொன்ன கணமே "நஞ்சு" என்ற சொல்லைக் கைவிட்டு "எவ்வளவு, எப்போது, எதனோடு" என்ற கேள்விக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு வரச் சொல்லித்தான் நானும் கேட்கிறேன்.

3. எடையில் சிறியது தேவையில் சிறியது ஆகாது.

"பயிரின் 98 சதவீதம் காற்று, நீர், வெயிலிலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வருவது ஒன்றரை சதவீதம்தான், அதற்கு எதற்கு உரம்?" ஜீரோ பட்ஜெட் வேளாண்மையின் மூல வாதம் இது. 2019 ஜூலையில் மத்திய பட்ஜெட் உரையில் இடம் பிடிக்கும் அளவுக்கு இந்தச் சிந்தனை வளர்ந்தது. வெயிலுக்கு எடை கிடையாது என்பதை விட்டுவிடுவோம். காய்ந்த பயிரின் எடையில் சுமார் 95 சதவீதம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்பது எந்தப் பாடநூலிலும் உள்ளது. முன்கூற்று ஏறக்குறையச் சரி. முடிவுதான் அபத்தம்.

ஒரு பெண்ணின் உடம்பு முழுவதிலும் உள்ள இரும்புச்சத்து ஒரு சிட்டிகை. மூன்று நான்கு கிராம்கூடத் தேறாது. அதில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். "எடையில் சொற்பம்தானே" என்று எந்த டாக்டரும் மாத்திரையை நிறுத்துவதில்லை. பயிருக்கும் அதுவே விதி. கார்ல் ஸ்ப்ரெங்கல் முதலில் சொல்லி லீபிக் உலகறியச் செய்த விதி: எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் உயரத்தைத் தீர்மானிக்கும். துத்தநாகம் இல்லாத வயலில் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்து என்ன பயன்? அந்த நைட்ரஜனையும் நெல் நேராகத் தொட முடியாது. அதன் இரு அணுக்களும் இயற்கையில் உள்ள மிக வலுவான பிணைப்புகளில் ஒன்றால் பூட்டிக்கிடக்கின்றன. அதைச் சில நுண்ணுயிர்கள் திறக்கும், மின்னல் திறக்கும், 1909ல் ஹாபர் கண்டு, 1913ல் போஷ் தொழிற்சாலையாக்கிய முறை திறக்கும். இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு இந்த மூன்றாவது திறவுகோலை நம்பி நிற்கிறது.

4. ஜீவாமிர்தத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் யார்?

போட்டுப் பார்ப்போம். ஜீரோ பட்ஜெட் முறையில் உரத்துக்குப் பதிலாகச் சொல்லப்படும் ஜீவாமிர்தத்தை ஏக்கருக்கு ஒரு முறை விடும் செய்முறை: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்துக்குள். 10 கிலோவில் அதிகபட்சம் 50 கிராம். கோமியத்தில் தாராளமாக ஒரு சதவீதம் வைத்தாலும் 100 கிராம். பயறு மாவில் 70 கிராம் சொச்சம். வெல்லத்தில் சொல்லும்படி இல்லை. மொத்தம் 220 கிராம். நெற்பயிரின் நான்கு மாதத்தில் எட்டு முறை விட்டால் ஒன்றேமுக்கால் கிலோ.

எதிர்ப்பக்கம் செலவைப் பாருங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை கண்டால் 2,400 கிலோ நெல். ஒரு டன் நெல்மணி சுமார் 11 கிலோ தழைச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு டன் வைக்கோல் ஆறேழு கிலோ. இரண்டும் சேர்ந்து வயலை விட்டு வெளியேறுவது 40 கிலோவுக்கு மேல். வைக்கோலோடு போகும் சாம்பல் சத்து மட்டும் 30 கிலோவைத் தாண்டும். நாற்பது கிலோ போன இடத்தில் ஒன்றேமுக்கால் கிலோ.

"ஜீவாமிர்தம் உணவில்லை, உறைமோர், நுண்ணுயிரைப் பெருக்கிவிடும், அவை சத்தைத் தேடிக் கொடுக்கும்" என்பது வழக்கமான மறுமொழி. எங்கிருந்து தேடும்? நீர் நின்ற நெல்வயலில் நீலப்பச்சைப் பாசியும் பாக்டீரியாவும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது நிஜம். ஆனால் அது ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ அளவைச் சுற்றியே நிற்கும். ஒன்றுமே போடாத வயலும் கொஞ்சம் விளைவது அதனால்தான். பாஸ்பரஸும் பொட்டாசியமும் காற்றில் இல்லை. நுண்ணுயிர் அவற்றைத் தந்தால், மண்ணில் பூட்டிக் கிடந்த இருப்பிலிருந்து எடுத்துத் தருகிறது என்று பொருள். காவிரி டெல்டாக் களிமண்ணில் அந்த இருப்பு பெரிது. சில ஆண்டுகள் தாங்கும். இருப்பை எடுத்துத் தின்பதற்கு "ஜீரோ பட்ஜெட்" என்று பெயர் வைத்தால் அது சிக்கனம் ஆகிவிடுமா?

5. சாணம் சத்தைப் படைப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

மாடு ஒரு தொழிற்சாலை என்ற எண்ணம் இந்த வாதத்தின் அடியில் ஓடுகிறது. மாட்டின் வயிற்றில் பாஸ்பரஸ் பிறப்பதில்லை. அது தின்ற வைக்கோலிலும் பிண்ணாக்கிலும் புல்லிலும் இருந்ததே சாணத்தில் வருகிறது. ஒருவர் தோட்டம் சாணத்தால் கொழிக்கிறது என்றால் இன்னொருவர் வயலோ மேய்ச்சல் நிலமோ அந்தச் சத்தை இழந்திருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை போட்டது அருமையான முறை. அதன் பொருள், தரிசிலும் கரட்டிலும் ஆடு மேய்ந்ததை இரவில் டெல்டா வயலில் இறக்கிவிட்டது என்பதே.

நாடு முழுதுக்கும் இந்தக் கணக்கை விரித்தால் ஆசை தெளிந்துவிடும். 2019ன் கால்நடைக் கணக்கெடுப்பில் பசு, காளை, எருமை எல்லாம் சேர்ந்து சுமார் 30 கோடி. பயிரிடும் நிலம் சுமார் 35 கோடி ஏக்கர். ஏக்கருக்கு ஒரு மாடுகூட இல்லை. ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டு, ஒரு துளி வீணாகாமல், ஒரு வறட்டி தட்டாமல் அத்தனையும் வயலுக்கு வந்தாலும் வருடத்துக்குக் கிடைக்கும் தழைச்சத்து 15 கிலோ அளவுதான். மூத்திரத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்கிக்கொண்டாலும் ஒரு நல்ல நெற்போகம் எடுத்துப் போகும் 40 கிலோவை எட்டாது. ஒருவர் தோட்டத்தில் இது முடியும். எல்லோர் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் முடியாது. முன்மாதிரிப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி: இந்த எரு எத்தனை பேர் நிலத்திலிருந்து வந்தது?

6. உரத்தால் மண் செத்திருந்தால் ராத்தம்ஸ்டெட் எப்போதோ சுடுகாடாகியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட்டின் பிராட்பாக் வயலில் 1843 முதல் இன்றுவரை கோதுமைச் சோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். மற்றவற்றுக்கு ரசாயன உரம் மட்டும், பல அளவுகளில். 180 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றும் போடாத பாத்தி ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில் இழுத்துக்கொண்டிருக்கிறது. சமச்சீராக ரசாயன உரம் பெற்ற பாத்திகள் தொழுவுரப் பாத்தியோடு போட்டி போடுகின்றன. எருப் பாத்தியில் கார்பன் இரண்டு மடங்குக்கு மேல் என்பதும் அதே சோதனையின் முடிவு. அதை மறைக்க எனக்குத் தேவை இல்லை. எருவால் மண் வளமாகிறது என்பது உண்மை. உரத்தால் மண் சாகிறது என்பது அதிலிருந்து வராது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கோவையில் நிரந்தர உரச் சோதனை 1909லேயே தொடங்கிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் கோவை உட்படப் பல இடங்களில் நீண்டகாலச் சோதனைகள் அகில இந்திய அளவில் விரிந்தன. அவற்றின் சாரம் மூன்று வரி. தழைச்சத்து மட்டும் ஆண்டுதோறும் போட்ட பாத்திகளில் விளைச்சல் இறங்கியது. இமாச்சலத்தின் பாலம்பூர் போன்ற அமில மண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. மூன்று பேரூட்டமும் சரியாகப் போட்ட பாத்திகள் நிலைத்தன. மூன்றோடு தொழுவுரமும் சேர்த்த பாத்திகள் முதலிடம் பிடித்தன.

ஆகவே, மண் கெட்டிருக்கும் இடங்களில் குற்றவாளி யார்? ஒற்றை உரம். அதை ஒற்றை ஆக்கியது எது? விலை. 2010 ஏப்ரலில் மத்திய அரசு ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்தைக் கொண்டுவந்தபோது யூரியாவை மட்டும் வெளியே வைத்தது. டி.ஏ.பி., பொட்டாஷ் விலை ஏறியது. யூரியா விலை நின்ற இடத்தில் நின்றது. நாட்டில் தழை, மணி, சாம்பல் சத்துகள் பயன்படும் விகிதம் 2009-10ல் 4.3:2:1 ஆக இருந்தது, 2012-13ல் 8.2:3.2:1 ஆகச் சாய்ந்தது. இன்றும் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். எந்த விவசாயி எதை வாங்குவார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். டெல்லியில் எழுதிய விலைப்பட்டியலின் குற்றத்தை மூலக்கூறின் மேல் சுமத்துவது, பட்டியல் எழுதியவர்களுக்குச் செய்யும் பேருதவி.

7. முன்னோர் சாப்பிட்ட கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1950-51ல் இந்தியாவின் சராசரி நெல் விளைச்சல் அரிசிக் கணக்கில் ஹெக்டேருக்கு 668 கிலோ. இப்போது 2,800 கிலோ அளவில். அன்று 36 கோடிப் பேர். இன்று 140 கோடிக்கு மேல். பயிரிடும் நிலமோ 1970களிலிருந்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்த உயர்வில் குட்டை ரகத்துக்கும் பாசனத்துக்கும் பங்குண்டு. ஆனால் ஊட்டம் இல்லாமல் எந்த ரகமும் காற்றைக் கதிராக்காது.

மூட்டை உரத்தை 1960களில் வெளிநாட்டான் திணித்தான் என்ற கதையும் நிற்காது. ராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தின் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906லேயே வந்துவிட்டது. பசுமைப் புரட்சிக்கு அறுபது ஆண்டு முன்னால். எருவும் தழையும் போதுமானதாக இருந்திருந்தால், அன்று அதை வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள்?

8. ஒரு நாடு இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டது.

இலங்கையில் 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பத்தாண்டுகளில் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுவதாக வாக்குறுதி அளித்தார். 2021 ஏப்ரலில் அறிவித்து, மே மாத அரசிதழில் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார். கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு வயல்களில் பெரும்போகத்துக்கு விதைத்தவர்கள் பசளைக்கு வழியில்லாமல் நின்றார்கள். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பாக்டீரியா இருப்பதாக அதிகாரிகளே திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் 67 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் போகம் கையை விட்டுப் போயிருந்தது. 2022ன் நெல் அறுவடை முந்தின ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எரிபொருள் பஞ்சமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது வருமுன்பே அரசு நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவித்திருந்தது.

"அவசரப்பட்டார்கள்; படிப்படியாகச் செய்திருந்தால் வென்றிருக்கும்" என்று நம் ஊரில் விளக்கம் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். நஞ்சை யாரும் படிப்படியாக நிறுத்தச் சொல்வதில்லை. அன்றே நிறுத்தச் சொல்வார்கள். பத்தாண்டு அவகாசம் வேண்டும் என்றால், அது பயிருக்கு உணவு என்றும் அதற்கு ஈடு தேடாமல் நிறுத்தினால் பயிர் பட்டினி கிடக்கும் என்றும் ஒப்புக்கொண்டதாகவே பொருள்.

9. இந்த உபதேசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

சொந்த நிலமும் வேறு வருமானமும் உள்ளவர் மூன்று வருடம் விளைச்சல் இறங்குவதைப் பொறுத்துக்கொள்வார். பை போட்டு, படம் ஒட்டி, கிலோ இரண்டு மடங்கு விலைக்கு நகரத்தில் விற்பார். குத்தகைக்காரரால் முடியுமா? அவர் இந்தப் போகம் இத்தனை மூட்டை அளக்க வேண்டும். அடுத்த வருடம் அந்த நிலம் அவர் கையில் இருக்குமா என்பதே உறுதியில்லை. எதிர்கால மண்வளத்துக்காக இந்த வருடச் சோற்றைத் தியாகம் செய் என்று அவரிடம் சொல்ல, அந்த நிலத்தில் அவருக்கு உரிமைகூட இல்லை.

கடன் வாதமும் இங்கே வந்து விழுகிறது. டெல்டாவில் நெல்லுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுக்க இரண்டரை மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி. போதும், செலவு இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். அதே 60 கிலோ தழைச்சத்தை வெறும் தொழுவுரத்தில் கொடுக்க 12 டன் வேண்டும். அதிலும் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். எருவை விலைக்கு வாங்கி, டிராக்டர் வாடகை கொடுத்து, ஆள் விட்டு இறைக்க என்ன ஆகும் என்று டெல்டாவில் யாரையும் கேளுங்கள். விவசாயியைக் கடனில் தள்ளுவது நடவுக் கூலியும் அறுவடை இயந்திர வாடகையும் குத்தகையும் கொள்முதலில் நடக்கும் பேரமும். உரமூட்டையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தால் இவற்றில் ஒன்றின் பெயரும் வெளியே வராது.

அப்படியானால் என்ன செய்வது?

இருக்கும் முறை நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யூரியா வீசினால் இலை கருகருவென்று வரும், அதன் பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும். அதற்கு மருந்தும் எளிது. ஆறு பச்சை நிறம் அச்சிட்ட இலை வண்ண அட்டை நூறு ரூபாய்கூடப் பெறாது. நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் படாமல் உடம்பின் நிழலில் வைத்து, மேலே முழுதாக விரிந்த இலையைப் பத்துக் குத்துகளில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் நிறம் நான்குக்குக் கீழே இருந்தால், வெள்ளைப் பொன்னி என்றால் மூன்றுக்குக் கீழே இருந்தால், மேலுரம் போடலாம். இல்லாவிட்டால் போட வேண்டாம். பயிரே தன் பசியைச் சொல்கிறது; உரச் செலவும் குறைகிறது, பூச்சியும் குறைகிறது.

கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்குமுன் மடக்கி உழுது, தொழுவுரம் கிடைத்த அளவு போட்டு, மண் பரிசோதனை காட்டும் மிச்சத்தை மூட்டையிலிருந்து நிரப்பினால் மண்ணும் நிற்கும், விளைச்சலும் நிற்கும். அரை நூற்றாண்டுச் சோதனைகள் முதலிடம் கொடுத்த வழி இது. இரு தரப்பிலும் இதற்குக் கைதட்டு கிடையாது. ஒரு பக்கம் மூட்டை விற்பனை குறையும், மறுபக்கம் புனிதம் குறையும்.

கேட்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவாக இருக்கின்றன. யூரியாவையும் ஊட்டச்சத்து மானியத்துக்குள் கொண்டுவந்து, மிச்சமாகும் பணத்தை விவசாயிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்வள அட்டை விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். தக்கைப்பூண்டு விதை ஏப்ரலில் கிடைக்க வேண்டும், ஆகஸ்டில் இல்லை. குத்தகைக்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அப்போதுதான் அவர் மண்ணில் முதலீடு செய்வார். "நஞ்சு" என்ற ஒற்றைச் சொல் இந்த நான்கையும் பேசவிடாமல் செய்கிறது. அளவு கேட்க வேண்டிய இடத்தில் அது ஆச்சாரம் கேட்கிறது.

ஆகவே உரத்தை அடியோடு விடச் சொல்லி உங்கள் ஊருக்கு யார் வந்தாலும் ஒரே கேள்வியை வையுங்கள்: இந்த வயலிலிருந்து போன போகத்தில் எத்தனை கிலோ தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வெளியே போயின, அதில் எத்தனை கிலோவை எதைக்கொண்டு திருப்பி வைக்கப் போகிறீர்கள்? பதில் எண்ணாக வந்தால் உட்கார வைத்துப் பேசலாம். வசனமாக வந்தால், இந்தப் போகத்துக்கான குத்தகை நெல்லை அளக்கும் பொறுப்பை அவரே ஏற்பாரா என்று கேட்டுவிடுங்கள்.